கையடக்க ஸ்கேன் கருவி ஊருக்குள் வர எது தடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கையோடு கிடக்கும் ஒரு முதியவருக்கு அடிவயிறு உப்பிக்கொண்டு சிறுநீர் சரியாக இறங்கவில்லை என்றால், உள்ளே எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்க வேண்டும். பார்க்கிற வேலை இரண்டு நிமிஷம். அதற்காக அவரை நாலு பேர் தூக்கி, வாடகைக் காரில் படுக்க வைத்து, அம்பாசமுத்திரத்துக்கோ பாளையங்கோட்டைக்கோ கொண்டுபோய் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. உவரி, திசையன்விளைப் பக்கத்தாருக்கும் களக்காட்டு மலையடிவாரத்தாருக்கும் இதே பாடுதான்.

அந்த வேலையைச் செய்யும் கருவி இன்று சட்டைப் பைக்குள் அடங்குகிறது, கைபேசியில் செருகினால் படம் வருகிறது. அப்படியிருக்க அது ஏன் இன்னும் வீட்டு வாசலுக்கு வரவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். மருத்துவக் கருவிகளைப் பராமரிப்பவர்களும் ஸ்கேன் பிரிவில் வேலை செய்பவர்களுமாகச் சேர்ந்து, இதில் எது நடக்கும், எது நடக்காது, எங்கே பழுதாகும் என்று எழுதுகிறோம்.

முதலில் விலை. உடம்பின் மேல் வைத்து நகர்த்தும் பகுதிக்கு ப்ரோப் என்று பெயர். பழைய வகை ப்ரோபின் உள்ளே, அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான் துண்டு ஒன்றை 128 அல்லது 192 மெல்லிய கீற்றுகளாக அறுத்து, ஒவ்வொரு கீற்றுக்கும் தனிக் கம்பி இழுத்திருப்பார்கள். அறுக்கும் வேலையும் தலைமுடி போன்ற அந்தக் கம்பிகளைப் பற்றவைக்கும் வேலையும்தான் விலையை ஏற்றின. வயிற்றுக்கு ஒன்று, ரத்தக்குழாய்க்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று மூன்று ப்ரோப் வேறு வேண்டும். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டர்ஃப்ளை ஐக்யூ என்ற கருவி இந்தக் கணக்கை மாற்றியது. பீங்கானுக்குப் பதிலாக, கைபேசிச் சில்லு செய்யும் முறையிலேயே ஒரே சிலிக்கான் சில்லின் மேல் ஏறத்தாழ 9,000 நுண்ணிய உணரிகளைப் பதித்தார்கள். ஒரே ப்ரோப் மூன்று வேலையையும் பார்த்தது. அறிமுக விலை 2,000 டாலருக்கும் கீழே. அதன்பின் பல நிறுவனங்கள் களத்தில் இறங்கிவிட்டன.

ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று வாங்குவதில் அர்த்தமில்லை. ஒரு கணக்குக்காகக் கருவி 3 லட்சம் ரூபாய், ஆயுள் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் ஆண்டுக்கு 4 முறை பயன்படுத்தினால் மொத்தம் 20 ஸ்கேன், ஒன்றுக்கு 15,000 ரூபாய் விழும். அதே கருவி ஒரு வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் நாளுக்கு 10 பேருக்கு, ஆண்டுக்கு 250 நாள் வேலை செய்தால் 12,500 ஸ்கேன், ஒன்றுக்கு 24 ரூபாய். சுற்றிவருகிற கருவிதான் ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகும். மருத்துவப் பொருளின் விலையை அளவு பெருக்கியே இறக்கலாம் என்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1988 முதல் திருநெல்வேலியில் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை நிறுவனமான ஆரோலேப், 1992-இல் மதுரையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தானே செய்யத் தொடங்கியது. அதுவரை எட்டாத விலையிலிருந்த லென்ஸ் சாதாரணக் கூலிக்காரருக்கும் கிடைத்தது.

அடுத்தது சட்டம். இதைச் சொல்லாமல் ‘வீட்டு ஸ்கேன்’ பற்றிப் பேசுவது மக்களைச் சிக்கலில் மாட்டிவிடும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-இல் வந்த திருத்தமும், பதிவு பெறாத எவருக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி விற்பதைத் தடைசெய்கின்றன. ஆகவே இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. கையடக்கக் கருவிக்கு 2012-இல் வந்த விதி இரண்டே இடங்களில் அனுமதி தருகிறது. ஒன்று, பதிவு பெற்ற மருத்துவமனை வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கு. மற்றொன்று, பிற மருத்துவச் சேவைகளையும் சேர்த்துத் தருகிற நடமாடும் மருத்துவ ஊர்தியின் பகுதியாக. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் டாக்டர் இதற்கான தகுதியோ 6 மாதப் பயிற்சியோ பெற்றிருக்க வேண்டும் என்றும் தனி விதி இருக்கிறது.

இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. பெண் சிசுவைக் காக்க வந்த சட்டம் அது, அப்படியே நிற்க வேண்டும். அதற்குள்ளேயே வழி இருக்கிறது என்பதுதான் எங்கள் வாதம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரையும், இயன்முறை சிகிச்சையும், நோய்த்தணிப்புப் பராமரிப்பும், வயிற்று வழி டயாலிசிஸ் பைகளும் ஏற்கெனவே வீடு தேடிப் போகின்றன. எந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு நடமாடும் ஊர்தியைப் பயிற்சி பெற்ற டாக்டரோடு முறைப்படி பதிவு செய்து, அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்தால் போதும், சட்டம் மீறப்படாது என்பது எங்கள் புரிதல். செவிலியர் கையில் கொடுக்க வேறொரு கருவி உண்டு. சிறுநீர்ப்பையில் உள்ள சிறுநீரின் அளவை மட்டும் எண்ணாகக் காட்டுகிற பிளாடர் ஸ்கேனர் அது. திரையில் கருவின் படத்தைக் காட்டாத மாதிரிகளைத் தேர்ந்து, அவற்றை யார், எந்தப் பதிவின் கீழ் வைத்துக்கொள்ளலாம் என்று சுகாதாரத் துறை ஒரு தெளிவான உத்தரவு போட வேண்டும். அது இல்லாமல் வட்டார அலுவலர் யாரும் துணிந்து கையெழுத்துப் போட மாட்டார்.

வீட்டில் உண்மையிலேயே பயன்படுகிற ஸ்கேன்கள் சிலவே. தேங்கிய சிறுநீரின் அளவு, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்பது, வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறதா என்பது, கால் வீங்கியவருக்குத் தொடையின் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்பது. பித்தப்பைக் கல், கல்லீரல் கட்டி, கணையம் போன்றவற்றை வீட்டுக் கட்டிலில் தேடக் கூடாது. ஆறு மணி நேரப் பட்டினியும் நல்ல கருவியும் தேர்ந்த கண்ணும் வேண்டிய வேலை அது. அரைகுறையாகப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

சிறுநீர்ப்பை அளவைச் சற்று விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் வீட்டில் அதிகம் தேவைப்படுவது அதுதான். முடிந்தால் முதலில் சிறுநீர் கழிக்கச் சொல்லி, 10 நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும். தாமதித்தால் புதிதாக இறங்கிய நீரும் கணக்கில் சேர்ந்துவிடும். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, வளைந்த ப்ரோபை, 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவில், ஆழம் 15 சென்டிமீட்டர் வைத்து, அடிவயிற்று எலும்புக்கு நேர் மேலே குறுக்காக வைத்துக் கால் பக்கம் சற்றுச் சாய்க்க வேண்டும். கறுப்பாகத் தெரிவது நீர். அகலமும் ஆழமும் எங்கே கூடுதலோ அங்கே படத்தை நிறுத்தி அளந்துகொண்டு, ப்ரோபை 90 பாகை திருப்பி நீளத்தை அளக்க வேண்டும். மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் விடை. 9, 8, 7 சென்டிமீட்டர் என்றால் 504, அதை 0.52-ஆல் பெருக்க ஏறத்தாழ 262 மில்லி. பை சரியான முட்டை வடிவில் இருப்பதில்லை என்பதால் இந்த விடையில் ஐந்தில் ஒரு பங்கு கூடக்குறைய இருக்கும், அதை மனதில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். சிறுநீர் கழித்த பிறகு 50 மில்லிக்குள் என்றால் கவலையில்லை, 200-ஐத் தாண்டினால் டாக்டர் கவனிக்க வேண்டும்.

சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு இந்த ஸ்கேன் இன்னும் பயன். குழாய் கழன்றுவிடாமல் பைக்குள் ஊதியிருக்கும் பலூன் வட்டமாகத் தெரியும். பலூன் தெரிந்து, பையும் நிறைந்திருந்தால் குழாய் அடைத்திருக்கிறது. பை நிறைந்திருந்து பலூனைக் காணோம் என்றால் அது பைக்குள் இல்லை, வழியில் எங்கோ இருக்கிறது. அப்போது பலூனை மேலும் ஊதினால் பாதை கிழியும். தவறு நேரும் இடங்களையும் சொல்ல வேண்டும். வயிற்றில் நீர்க்கோவை உள்ளவருக்குக் குடல் சுருள்களுக்கு இடையில் கோண கோணமாகத் தேங்கிய நீரைப் பை என்று அளந்துவிடுவது உண்டு. பையின் சுவர் உருண்டு, முழுதாக மூடியிருக்கும். பெண்களுக்குக் கருப்பையருகே இருக்கும் பெரிய நீர்க்கட்டியையும் பை என்று எண்ணிவிடலாம். எண்ணை மட்டும் காட்டும் கருவிக்கு இந்த இரண்டும் பிடிபடாது. எண்ணுக்கும் நோயாளியின் நிலைக்கும் பொருத்தமில்லை என்றால் படம் காட்டும் கருவியோடு டாக்டரை அழைப்பதே சரி.

நுரையீரலில் பார்ப்பது நேர்மாறான வேலை. அங்கே காற்று இருப்பதால் உறுப்பு தெரியாது, நிழலைத்தான் படிக்கிறோம். விலா இடுக்கு ஒன்றில், நுரையீரலின் விளிம்பிலிருந்து திரையின் அடிவரை டார்ச் வெளிச்சம் போலக் கீழிறங்கும் வெள்ளைக் கோடுகள் 3 அல்லது கூடுதலாக இருந்தால் அங்கே ஈரம் கூடியிருக்கிறது. நெஞ்சின் இரு பக்கமும் நாலு நாலாக 8 இடங்களில் பார்ப்பது வழக்கம். இதயம் பலவீனமானவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் மூச்சு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும். ஆனால் நிமோனியாவிலும் இதே கோடுகள் வரும், படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இந்த ஸ்கேன்களில் ஒவ்வொரு வகைக்கும் 25 முதல் 50 வரை மேற்பார்வையோடு எடுத்துப் பழகிய பிறகே ஒருவரைத் தனியே அனுப்ப வேண்டும்.

பழகுவதற்கு விலை உயர்ந்த பொம்மை உடம்பு தேவையில்லை. மேலப்பாளையத்தில் நோன்புக் காலத்தில் காய்ச்சுகிற அதே கடற்பாசி போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் அகர் தூளும் இரண்டு மேசைக்கரண்டி இசப்கோல் உமியும் போட்டுக் கொதிக்க விட்டு, நுரை அடங்கும்வரை ஆறவிட வேண்டும். இசப்கோல் இல்லையென்றால் படம் முழுக்கக் கறுப்பாக இருக்கும், சதை போலப் புள்ளி புள்ளியாகத் தெரியாது. இறுகுவதற்கு முன், ஊசிக்குழலால் சரியாக 100 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றி, காற்றில்லாமல் கட்டிய பலூனை அதில் அமுக்கி வைக்க வேண்டும். காற்றுக் குமிழ் ஒன்று இருந்தாலும் அதற்குக் கீழே எல்லாம் மறைந்துவிடும். இறுகிய பிறகு ஸ்கேன் செய்து 0.52 கணக்குப் போட்டால், அளப்பவரின் கை எவ்வளவு சரி என்று அங்கேயே தெரிந்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

ஜெல் சின்ன விஷயம்போலத் தோன்றும். காற்று இடைவெளி இருந்தால் ஒலி 99 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பிவிடும், உள்ளே எதுவும் போகாது. ஆகவே ஜெல் இல்லாமல் ஸ்கேன் இல்லை. தீர்ந்துபோனால் தேங்காயெண்ணெய் தடவிச் சமாளிப்பதைச் செய்யக் கூடாது. எண்ணெய் ப்ரோபின் ரப்பர் முகத்தை ஊறவைத்துக் கெடுக்கும். அவசரத்துக்குச் சோளமாவு ஒரு பங்கு, தண்ணீர் 10 பங்கு சேர்த்து, அடுப்பில் கிளறிக் கூழாகும்வரை 3 முதல் 5 நிமிஷம் காய்ச்சி, நன்றாக ஆறவைத்துப் பயன்படுத்தலாம். அன்றைக்கே கொட்டிவிட வேண்டும், மறுநாள் புளித்துக் கிருமி பெருகும். புண் இல்லாத தோலில் மட்டும் தடவலாம். ஊசி குத்தும் வேலைக்கு உறையில் வரும் கிருமிநீக்கிய ஜெல்தான். பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவதும் நோய் பரப்பும், காலியான பாட்டிலைக் கழுவிக் காயவைத்தே நிரப்ப வேண்டும்.

நம் ஊர் வெயில் இந்தக் கருவிக்குத் தனிப் பகை. தோலில் படும் ப்ரோப் முகம் 43 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது உலகத் தர விதி. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை வீட்டுக்குள் அறையே 38, 40 என்று நிற்கும்போது மிச்சமிருப்பது மூன்று முதல் ஐந்து டிகிரிதான். கருவி சூடாகித் தானே நின்றுவிடும், பழுதாகிவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள். காலை 10 மணிக்குள் வீடுகளை முடிப்பது, பார்க்காத நேரத்தில் படத்தை உறைய வைப்பது, இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஆறவிடுவது, ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைக்காமலிருப்பது, சார்ஜரில் செருகியபடி ஸ்கேன் செய்யாமலிருப்பது ஆகிய பழக்கங்கள் கருவியைக் காக்கும்.

பழுது பெரும்பாலும் கேபிள் ப்ரோபுக்குள் நுழையும் இடத்தில் வரும். கைபேசியைச் சுற்றிக் கேபிளை இறுக்கிச் சுருட்டினால் அங்கேதான் கம்பி அறும். அறுந்தால் திரையின் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டை நிற்கும், நோயாளி மாறினாலும் அது மாறாது. இதைக் கண்டுபிடிக்க ஜெல் இல்லாத முகத்தில் ஒரு காகிதக் கிளிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக இழுத்தால் போதும். திரையில் கிளிப்பின் கோடு கூடவே நகரும், எங்கே மறைகிறதோ அங்கே உணரி செத்திருக்கிறது. வாரம் ஒரு முறை இதைச் செய்து எழுதி வைக்க வேண்டும். துடைக்கச் சாராய ஸ்பிரிட் எடுக்காமல், தயாரிப்பாளர் சொன்ன துடைப்பானையே பயன்படுத்த வேண்டும். நெல்லை ஜங்ஷனிலும் வண்ணாரப்பேட்டையிலும் கைபேசிச் சில்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பற்றவைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேபிள் மாற்றவும், மாற்றிய பின் மின்கசிவு அளக்கவும் பயிற்சி கொடுத்தால் ஒவ்வொரு பழுதுக்கும் கருவியைப் பார்சலில் அனுப்ப வேண்டியதில்லை.

படத்தை அனுப்பும்போதும் ஒரு தவறு நடக்கிறது. திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட்டால் அது சுருங்கி, நுண்ணிய புள்ளிகள் போய்விடும். அசையும் படமாக 5 விநாடி எடுத்து, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். நோயாளியின் பெயர் திரையில் இருந்தால் நீக்கிவிட வேண்டும்.

எக்ஸ்ரே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றரைக் கிலோ எடையில் கையில் தூக்கும் கருவிகள் வந்துவிட்டன. 2024 டிசம்பர் 7-இல் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் கையடக்க எக்ஸ்ரேவும் கிராமங்களுக்குப் போனது. 15 வயதுக்கு மேற்பட்டவரின் காசநோய்ப் பரிசோதனையில் கணினியே படத்தைப் படிப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரை தந்தது. முகாமுக்கு இது நல்லது. வீட்டுக்குள் கதிர் பாய்ச்சும் கருவி வேண்டாம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு இல்லாமல் எங்கேயும் கூடாது. முகாமில் நிற்பவர்கள் தூரத்தை மறக்க வேண்டாம். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் கதிர் நாலில் ஒன்றாகும்.

எம்.ஆர்.ஐ. பற்றித்தான் பலருக்கு மிகை நம்பிக்கை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருப்பது பெரும்பாலும் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த பலத்தின் அளவு) காந்தம், திரவ ஹீலியத்தில் மூழ்கியிருப்பது. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற உருட்டிச் செல்லும் தலை எம்.ஆர்.ஐ. 0.064 டெஸ்லா. 2024-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் 0.05 டெஸ்லாவில், சாதாரணச் சுவர் பிளக்கில், 1,800 வாட்டுக்குள், தடுப்பறை இல்லாமல் முழு உடம்பையும் படம் எடுத்துக் காட்டினார்கள். நெதர்லாந்தின் லைடன் குழு 12 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தக் கட்டைகள் ஏறத்தாழ 3,000-ஐ வளையங்களாக அடுக்கிக் காந்தம் செய்யும் முறையை வெளிப்படையாக வெளியிட்டது. உகாண்டாவின் எம்பராராவில் அந்த முறையில் ஒன்றைக் கட்டியும் காட்டினார்கள். பெரிய பக்கவாதம், மூளையில் ரத்தக்கசிவு, குழந்தைகளின் தலையில் நீர் கோப்பது இவை அதில் தெரியும். முழங்கால் ஜவ்வின் சின்னக் கிழிசலுக்கு அதை நம்ப முடியாது.

நம் மண்ணில் இதை வைக்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 0.05 டெஸ்லாவில் உடம்பின் சமிக்ஞை வருவது 2,129 கிலோஹெர்ட்ஸில். நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி சூடேறினால் அதன் பலம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும், அலைவரிசை ஏறத்தாழ 2.3 கிலோஹெர்ட்ஸ் நகரும். காலையில் 28 டிகிரியில் சரிசெய்துவிட்டு மதியம் 38-இல் படம் எடுத்தால் 23 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போயிருக்கும், படம் வராது. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் முன் அலைவரிசையைத் திரும்பத் தேட வேண்டும், அறைக்கு ஏ.சி. கட்டாயம். அடுத்தது இரைச்சல். மத்திய அலை வானொலியின் எல்லை 1,602-இல் முடிகிறது, நம் சமிக்ஞை அதற்குப் பக்கத்து வீடு. ஒலிபரப்பு தன் அலைவரிசையின் இரட்டை மடங்கிலும் சிறிது கசியும். தூத்துக்குடி வானொலியின் 1,053-ஐ இரட்டித்தால் 2,106, கிட்டத்தட்ட அதே இடம். இன்வெர்ட்டரும் மலிவான எல்.இ.டி. விளக்கும் தண்ணீர் மோட்டாரும் இதைவிட மோசம். இடம் தேர்வு செய்யும் முன் ஒரு வாரம் இரவு பகலாக அந்த அலைவரிசையை அளந்து பார்க்க வேண்டும், நல்ல எர்த் குழி தனியாகத் தோண்ட வேண்டும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றில் காந்தத்தின் நிக்கல் பூச்சு உரிந்தால் உள்ளே பொடியாகிவிடும், மூடி அடைத்தே வைக்க வேண்டும். இதெல்லாம் வீட்டுக்கு ஆகாது. தாலுகா மருத்துவமனைக்கு ஆகும். இங்குள்ள பொறியியல் கல்லூரிகள் மாணவர் திட்டமாக எடுத்துச் செய்து பார்க்கத்தக்க வேலை இது.

நடமாடும் ஊர்திக்குக் கையடக்க ஸ்கேன் வாங்க டெண்டர் விடும்போது, விலைப் பட்டியலுக்கு முன் இந்த வரிகள் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அறை வெப்பம் 40 டிகிரியில் எத்தனை நிமிஷம் நிற்காமல் ஓடும் என்று எழுத்தில் தர வேண்டும். கேபிள் கழற்றி மாற்றக்கூடியதாக, ஒவ்வொரு கருவியோடும் ஓர் உபரி கேபிள் வர வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் படம் நின்றுபோகும் கருவிகளை ஏற்கக் கூடாது. படம் டைகாம் என்ற, மருத்துவப் படங்களுக்கான பொது வடிவில் வெளியே எடுக்கக்கூடியதாக, இணையம் இல்லாத மலையடிவாரத்திலும் சேமிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எப்போது, எங்கே, எத்தனை ஸ்கேன் எடுத்தது என்ற பதிவை அழிக்க முடியாதபடி கருவியே வைத்திருக்க வேண்டும், சட்டத்தைக் காக்க அது உதவும். பழுது என்றால் மாற்றுக் கருவி 48 மணி நேரத்தில் திருநெல்வேலிக்கே வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பராமரிப்பாளர்கள், ஸ்கேன் பிரிவுப் பணியாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.